உலகின் படைக்கலங்களுக்குக் கணக்கு எழுதிய அம்மையார்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் பேச எனக்கு இருபது மணித்துளி ஒதுக்கியிருக்கிறார்கள். பொருளை நானே தெரிந்துகொள்ளலாம் என்றும் சொன்னார்கள். கம்பனைப் பற்றிப் பேசப் புலவர்கள் இருக்கிறார்கள். சிலம்பைப் பற்றிப் பேசப் பேராசிரியர்கள் வந்திருக்கிறார்கள். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் நான் அவர்களோடு போட்டியிடுவது அழகன்று. ஆகவே கணக்கைப் பற்றியே பேசுவது என்று துணிந்தேன். அரிசி பருப்புக் கணக்கன்று. பீரங்கி, விமானம், அணுகுண்டு இவற்றின் கணக்கு. அக்கணக்கை உலகம் அறிய எழுதி வைக்க வேண்டும் என்று பாடுபட்ட ஓர் அம்மையாரைப் பற்றியது என் பேச்சு. ஆல்வா மிர்டால் என்பது அவர் பெயர். சுவீடன் நாட்டவர். நாம் இன்று கூடியிருக்கும் இதே தில்லி மாநகரில் 1955 முதல் 1961 வரை தம் நாட்டின் தூதராக வாழ்ந்தவர்.

தமிழ்ச் சங்கத்து மேடையில், பனி நாட்டில் பிறந்த ஒரு பெண்மணிக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணலாம். தூது என்பதற்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் நம் வள்ளுவர். பெண்பாற் புலவர் ஒருவரையே தூதாக அனுப்பிய மரபு நம்முடையது. அதியமான் நெடுமானஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அங்கே கண்டதையும் அதியமானிடத்தில் உள்ளதையும் ஒப்பிட்டு அவர் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. ஒரு பெண் தூதர் மன்னனின் படைக்கலங்களைக் கண்ணால் கண்டு, கண்டதை ஊரறியச் சொன்னார் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா? ஆகவே ஆல்வா அம்மையார் நமக்கு அயலார் அல்லர் என்பது என் கட்சி.

அவர் 1902-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் உப்சாலா நகரில் பிறந்தார். தந்தையார் கட்டடத் தொழில் செய்தவர். சமதர்மக் கொள்கையில் பற்றுடையவர். பின்னர்க் குடும்பம் எஸ்கில்ஸ்டூனா என்னும் தொழில் நகரில் குடியேறிற்று. அந்நாளில் அவ்வூரின் மேல்நிலைப் பள்ளியில் ஆண்பிள்ளைகளுக்கே இடம். பெண் ஒருத்தி மேலே படிக்க விரும்பினால் என் செய்வது? ஆல்வா வரி அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். (எழுத்தர் குலத்தைச் சேர்ந்த நம் நண்பர்கள் சிலர் இங்கே தலை நிமிர்வதைக் காண்கிறேன்!) சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் படிப்புக்கென்று சேர்த்தார். தந்தையாரின் முயற்சியால் பெண்பிள்ளைகளுக்கெனத் தனி வகுப்புக்கள் தொடங்கப் பெற்றன. அதற்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. எழுத்தர் சம்பளம் அதற்கு உதவிற்று. 1924-இல் ஸ்டாக்ஹோமில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் குன்னார் மிர்டால் என்பவரை மணந்தார். இந்தக் குன்னார்தாம் பிற்காலத்தில் பொருளியல் அறிஞராக உலகப் புகழ் பெற்று, ஆசிய நாடுகளின் வறுமையை மூன்று பெருந்தொகுதிகளில் ஆராய்ந்து 1968-இல் வெளியிட்டவர். அந்நூலின் ஆராய்ச்சியில் பெரும்பகுதிக்கு அடிப்படை, மனைவியார் தூதராயிருந்த காலத்தில் அவர் கண்ட இந்தியா.

அடுத்த முப்பது ஆண்டுகளை நான் விரைவாகக் கடக்கிறேன். குழந்தை நலம், பெண் கல்வி, வீட்டு வசதி என்று அம்மையார் தம் நாட்டில் செய்த பணிகள் தனிப் பேச்சுக்கு உரியவை. 1949-இல் ஐக்கிய நாட்டு மன்றத்தின் சமூக நலத் துறைக்குத் தலைமை ஏற்று நியூயார்க் சென்றார். பிறகு பாரிசில் யுனெஸ்கோவின் சமூகவியல் பிரிவை நடத்தினார். 1955-இல் சுவீடன் அரசு அவரை இந்தியாவுக்குத் தூதராக அனுப்பிற்று. அப்பதவிக்கு வந்த முதல் சுவீடன் நாட்டுப் பெண்மணி அவரே. பர்மாவுக்கும் இலங்கைக்கும் அவரே தூதர். சாணக்கியபுரியில் சுவீடன் தூதரகம் நியாய மார்க்கில் இருக்கிறது. சாணக்கியனின் பெயர் கொண்ட பேட்டையில் நியாயத்துக்கும் ஒரு தெரு வைத்தவர்கள் நகைச்சுவை உடையவர்களே!

அவர் இங்கு வந்த காலம் எத்தகையது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1954-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் பசிபிக் கடலில் அமெரிக்கா வெடித்த ஐட்ரசன் குண்டின் சாம்பல், நெடுந்தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் மீது பொழிந்தது. அடுத்த திங்கள், ஏப்ரல் 2-ஆம் நாள், பண்டித நேரு நம் மக்களவையில் எழுந்து, அணுகுண்டுச் சோதனைகளையேனும் முதலில் நிறுத்துங்கள் என்று வல்லரசுகளைக் கேட்டார். உலகில் ஓர் அரசின் தலைவர் அவ்வாறு கேட்டது அதுவே முதல் முறை. அம்மையார் அத்தகைய நேருவோடு ஐந்தாறு ஆண்டுகள் பழகினார். படை வலிமையில்லாத நாடும் உலக அரங்கில் பேசலாம், பேச வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு இங்கே வலுப்பெற்றது எனலாம்.

1961-இல் ஊர் திரும்பியபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. நம் அலுவலகங்களில் அந்த வயதில் ஓய்வூதியக் காகிதங்களைத் தேடத் தொடங்குவோம். அம்மையாருக்கோ அப்பொழுதுதான் அவர் பெயரை நிலைநிறுத்திய பணி தொடங்கிற்று. வெளியுறவு அமைச்சர் ஊண்டேன், படைக்கலக் குறைப்பைப் பற்றி அரசுக்கு ஆலோசனை கூறுமாறு அவரைக் கேட்டார். அவர் படைத் தொழில் அறிந்தவர் அல்லர். பௌதிகம் படித்தவரும் அல்லர். உட்கார்ந்து படித்தார். விஞ்ஞானிகளை அழைத்து வைத்துக்கொண்டு கேட்டார். 1962-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜெனிவாவில் பதினெட்டு நாட்டுப் படைக்கலக் குறைப்புக் குழு கூடியபோது சுவீடனின் பேராளராகச் சென்றவர், 1973 வரை அந்த இருக்கையை விட்டு எழவில்லை. பதினெட்டு நாட்டுக் குழு என்பது பெயர்தான். பிரான்சு வரவே இல்லை, ஆகப் பதினேழு.

அப்பதினேழில் அமெரிக்கக் கட்சியார் ஒரு புறம். சோவியத்துக் கட்சியார் ஒரு புறம். இடையில் எந்தக் கட்சியிலும் சேராத எட்டு நாடுகள்: பிரேசில், பர்மா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, நைஜீரியா, சுவீடன், ஐக்கிய அரபுக் குடியரசு. எல்லாரும் மன்றாடிய பொருள் ஒன்றே: அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துவது. நிறுத்துவதில் இரு வல்லரசுகளுக்கும் கொள்கையளவில் தடையில்லை. ஒருவன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு நிலத்தடியில் திருட்டுத்தனமாக வெடித்தால் மற்றவன் எப்படி அறிவான் என்பதே கேள்வி. நிலத்தடி வெடிப்பும் நில நடுக்கம் போல அதிர்வை எழுப்பும். எது நடுக்கம், எது குண்டு என்று பிரித்தறிவது எப்படி? ஐயத்துக்குரிய இடங்களை நேரில் சென்று பார்க்க வேண்டும் என்றது அமெரிக்கா. அது ஒற்று வேலை என்றது சோவியத்து. பேரம் நடந்தது. ஆண்டுக்கு ஏழு முறை பார்க்க வேண்டும் என்பது வரையில் அமெரிக்கா இறங்கி வந்தது. மூன்று முறைக்கு மேல் கூடாது என்று சோவியத்து நின்றது. அங்கேயே முறிந்தது.

அன்பர்களே! ஏழுக்கும் மூன்றுக்கும் இடையே நான்கு. நம் சந்தையில் கத்திரிக்காய் வாங்குகிறவர் கூட ஐந்தில் முடித்திருப்பார். அந்த நான்கு முடியாமற் போனதால் 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தம் வானிலும், நீரிலும், விண்வெளியிலும் சோதனையைத் தடுத்து, நிலத்தடியை மட்டும் திறந்து விட்டது. முழுத் தடை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வர 1996 வரை ஆயிற்று. 1945 முதல் அவ்வாண்டு வரை உலகில் நடந்த சோதனைகள் இரண்டாயிரத்துக்கு மேல். அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலத்துக்கு அடியில் நடந்தவை.

இந்த எண் விளையாட்டின் நடுவே எட்டு நாடுகளும் சேர்ந்து 1962-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் ஓர் அறிக்கை கொடுத்தன. அதில் ஆல்வா அம்மையாருக்குப் பெரும் பங்கு உண்டு. நம் இந்தியப் பேராளர்களுக்கும் பங்கு உண்டு. கண்காணிப்பை வல்லரசுகளின் கையில் விடாமல், பல நாட்டு விஞ்ஞானிகள் கொண்ட ஒரு குழுவிடம் விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். இரு தரப்பும் அதை ஏற்பதாகச் சொல்லின. ஒரே தாளை இரு தரப்பும் இரண்டு விதமாகப் படித்தன! அதே ஆண்டின் செப்டம்பரில், எண்பத்து மூன்று வயதான நம் ராஜாஜி, காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் சென்று, சோதனைகளை நிறுத்துமாறு கென்னடி அவர்களிடம் நேரில் வேண்டினார் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். ராஜாஜி நெஞ்சை நோக்கிப் பேசினார். அம்மையார் அதிர்வு மானியைக் கையில் எடுத்தார். இரண்டும் வேண்டியவையே.

அதிர்வு மானி என்று நான் சொன்னது உவமையன்று. ஒவ்வொரு நாடும் தன் நிலத்தில் பதியும் அதிர்வுகளைப் பிறநாடுகளோடு பகிர்ந்துகொள்ளட்டும். அப்பொழுது எவருடைய வாக்குறுதியையும் நம்ப வேண்டியதில்லை என்று 1965-இல் சுவீடன் சார்பில் யோசனை கூறினார். வாயால் கூறியதோடு நிற்கவில்லை. 1969-இல் சுவீடனின் ஹாக்ஃபோர்ஸ் என்னும் இடத்தில் அதற்கென ஒரு நிலையம் எழுந்தது. நம் அணுசக்தித் துறையினரும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகளின் துணையோடு கர்நாடகத்துக் கௌரிபிதனூரில் 1960-களில் அத்தகைய நிலையம் ஒன்றை அமைத்தார்கள். 1976-இல் சுவீடனின் முயற்சியால் ஜெனிவாவில் அமைந்த விஞ்ஞானிகள் குழு இருபது ஆண்டுகள் ஓசையின்றி உழைத்தது. 1996-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கென வகுக்கப்பட்ட 337 நிலையங்கள் கொண்ட கண்காணிப்பு வலை அந்த உழைப்பின் மேல் நிற்பது. 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் வடகொரியா தன் முதல் குண்டை நிலத்தடியில் வெடித்தது. சிறிய குண்டு. ஆயினும் அவ்வலை அதை அப்பொழுதே பிடித்தது. அவ்வொப்பந்தமோ இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நம் நாடு அதில் கையெழுத்திடவும் இல்லை. காவற்காரர் வேலைக்கு வந்துவிட்டார், சட்டந்தான் வரவில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சுவீடன் கடைசியாகப் போரிட்டது 1814-இல். அதன் பின் நூற்றைம்பது ஆண்டுகள் அமைதியில் கழிந்ததைக் கொண்டாட ஏதேனும் செய்ய வேண்டும் என்று 1964-இல் பிரதமர் டாகே எர்லாண்டர் கருதினார். சிலை வைக்கலாம், தூண் எழுப்பலாம், அஞ்சல் தலை வெளியிட்டு முடித்துக்கொள்ளலாம். அவரோ ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவலாம் என்றார். அது எப்படி இருக்க வேண்டும் என்று வகுக்கும் குழுவுக்கு ஆல்வா அம்மையார் தலைவர். அவர் குழு தந்த அறிக்கையின்படி, சுவீடன் நாடாளுமன்றத்தின் முடிவால், 1966-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஸ்டாக்ஹோம் பன்னாட்டு அமைதி ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. சிப்ரி என்று சுருங்கச் சொல்வார்கள். முதல் தலைவர் அம்மையார். 1967-இல் அவர் படைக்கலக் குறைப்புக்கான அமைச்சரானபோது அப்பொறுப்பைக் கணவர் குன்னார் ஏற்றார். நிலையத்தை நடத்தும் இயக்குநராக ராபர்ட் நீல்டு என்னும் பிரிட்டிஷ் பொருளியலாளரை அழைத்தார்கள். பணத்தில் பெரும்பகுதி சுவீடன் அரசினுடையது. இயக்குநர் அயல் நாட்டவர். ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டவர். என்ன ஆராய வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று சொல்லும் உரிமை அரசுக்கு இல்லை.

அவர்கள் தமக்கு விதித்துக்கொண்ட ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. இரகசியக் காகிதம் எதையும் தொடுவதில்லை. எவரும் கடையில் வாங்கக் கூடிய, நூலகத்தில் பார்க்கக் கூடிய தாள்களே ஆதாரம்: அரசுகளின் வரவு செலவுத் திட்டங்கள், நாடாளுமன்ற நடவடிக்கைகள், செய்தித்தாள்கள், படைத் துறை இதழ்கள், தொழிற்சாலைகளின் ஆண்டறிக்கைகள். இதைக் கொண்டு என்ன தெரிந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு என் தொழிலிலிருந்து விடை சொல்கிறேன். ஒரு மூட்டை இங்கிருந்து போனால் இங்கே ஒரு பதிவேட்டில் ஏறும். போய்ச் சேர்ந்த நிலையத்தில் மற்றொரு பதிவேட்டில் ஏறும். தணிக்கை செய்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லையென்றால், மூட்டை எங்கே என்னும் கேள்வி தானே எழும். படைக்கலமும் அப்படியே. விற்ற நாடு வாய் திறவாது. வாங்கிய நாடு தன் குடியரசு நாள் அணிவகுப்பில் அதை ஓட்டிக் காட்டும்! விற்றவன் மறைத்ததை வாங்கியவன் பெருமையே காட்டிக் கொடுத்துவிடும். 1950 முதல் எந்த நாடு எந்த நாட்டுக்கு எத்தனை டாங்கி, எத்தனை விமானம் தந்தது என்னும் பேரேடு சிப்ரியிடம் இவ்வாறுதான் உருவாயிற்று.

அதில் ஒரு நுட்பம் உண்டு. கணக்கர்கள் கவனிக்க வேண்டும். படைக்கல வாணிகத்தைப் பண மதிப்பால் அளந்தால் கணக்குத் தப்பும். நட்பு நாட்டுக்குக் குறைந்த விலை, வேண்டியவருக்கு இனாம், வேறொருவருக்கு நீண்ட தவணை. சோவியத்து நாட்டிடமிருந்து நாமே ரூபாயில், தவணை முறையில் விமானங்கள் வாங்கவில்லையா? ஆகவே கைமாறிய பணத்தை விட்டுவிட்டு, அக்கருவியின் ஆற்றலுக்கு என்று ஒரு மதிப்பு வைத்து, அதைக் கூட்டுகிறார்கள். மூட்டையின் மேல் எழுதியிருக்கும் விலையை நம்பாமல் தராசில் ஏற்றி எடை பார்ப்பது போன்றது இது.

1969-இல் முதல் ஆண்டு மலர் வெளிவந்தது. அன்று முதல் ஆண்டு தவறாமல் வருகிறது. உலக நாடுகள் படைக்குச் செலவிட்ட தொகை 2024-ஆம் ஆண்டில் 2,71,800 கோடி டாலர் என்று கணக்குக் காட்டியவர்கள் இவர்களே; நம் நாடு 8,610 கோடி டாலரோடு ஐந்தாம் இடம். 2025 ஜனவரியில் உலகில் இருந்த அணுகுண்டுகள் ஏறத்தாழ 12,241 என்றும், அவற்றுள் நம்முடையவை 180 என்றும் மதிப்பிட்டவர்களும் இவர்களே. இந்த எண்களை நம் அரசோ பாகிஸ்தான் அரசோ வெளியிடுவதில்லை. ஆயினும் தில்லியிலும் இஸ்லாமாபாதிலும் பத்திரிகைகள் அவற்றைத்தான் எடுத்தாளுகின்றன. எதிரிகள் இருவரும் ஒரே கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள் என்றால், எழுதியவரின் நேர்மைக்கு அதைவிடச் சான்றிதழ் வேண்டுமா?

கணக்கு எழுதினால் போர் நின்றுவிடுமா என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நிற்காது. 1966-இல் வியட்நாமில் போர் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அங்கே காடுகளின் மேல் தெளித்த நச்சு மருந்தும், மறைவிடங்களில் செலுத்திய எரிபுகையும் 1925-ஆம் ஆண்டின் ஜெனிவாத் தடையில் அடங்குமா, அடங்காதா என்னும் வழக்கு எழுந்தபோது, அடங்கும் என்று ஐ.நா. பொதுச் சபையில் தீர்மானம் கொண்டுவர முன்நின்றது சுவீடன். 1969-ஆம் ஆண்டு டிசம்பரில் 80 நாடுகள் ஆதரித்தன, 3 எதிர்த்தன, 36 ஒதுங்கி நின்றன. நச்சுக் கருவிகளைப் பற்றிச் சிப்ரி ஆறு தொகுதிகள் வெளியிட்டது. சான்றுகளை வரிசையாக எடுத்து வைத்தவர் முன்னே, இல்லை என்று சாதிப்பது வல்லரசுக்கும் எளிதன்று.

ஒரு செய்தியில் அம்மையாரோடு நம்மவர்கள் வேறுபட்டார்கள். அதை மறைப்பது முறையன்று. சுவீடனின் படைத் தலைவர்கள் 1950-களில் தமக்கும் அணுகுண்டு வேண்டும் என்றார்கள். அதற்கான ஆராய்ச்சியும் அங்கே நடந்தது. வேண்டாம் என்ற பக்கத்தில் அம்மையார் நின்றார், அப்பக்கமே வென்றது. 1968-இல் அணுகுண்டு பரவல் தடை ஒப்பந்தத்தில் சுவீடன் கையெழுத்திட்டது. இந்தியா இடவில்லை. 1967-ஆம் ஆண்டின் முதல் நாளுக்கு முன் வெடித்த ஐவர் வைத்திருக்கலாம், மற்றவர் தொடலாகாது என்னும் சட்டத்தை நம்மால் ஏற்க முடியவில்லை. நம் பக்கத்து வாதத்தைப் பல்லாண்டுகள் எடுத்துரைத்தவர் யார்? திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம் அவர்கள். சிப்ரிக்குச் சில திங்கள் முன்னர், 1965 நவம்பரில், இதே தில்லியில் தொடங்கிய பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகத்துக்கு 1968 முதல் 1975 வரையிலும், மீண்டும் 1980 முதல் 1987 வரையிலும் இயக்குநராக இருந்தவர் அவர். அவர் தூதுவத் துறையினர் அல்லர், ஐ.ஏ.எஸ். அதிகாரி. இருவரும் படைக்கலத்தை ஆராய்ச்சிப் பொருளாக்கினார்கள். இருவரும் எதிர் எதிர் முடிவுக்கு வந்தார்கள். ஒப்பந்தம் ஒருதலைச் சார்பானது என்பதை அம்மையார் மறுத்தாரல்லர். சிறிய நாடுகள் கையைக் கட்டிக்கொண்டன, பெரிய நாடுகள் என்ன கொடுத்தன என்று ஜெனிவாவில் கேட்டுக்கொண்டே இருந்தார். நோயை இருவரும் ஒன்றாகவே கண்டார்கள், மருந்தில் வேறுபட்டார்கள். என்னைக் கேட்டால் ஐவருக்கு ஒரு நீதி, பிறருக்கு ஒரு நீதி என்பதை ஏற்க என் மனம் இசையவில்லை. ஆயினும் குண்டு செய்யும் திறமும் செல்வமும் இருந்தும் வேண்டாம் என்று விட்ட ஒரு நாட்டை நான் எளிதாக எண்ண மாட்டேன்.

1973-இல் பதவிகளை விட்டு விலகிய அம்மையார், பன்னிரண்டு ஆண்டுகள் கண்டதையெல்லாம் 1976-இல் ஒரு நூலாக வெளியிட்டார். படைக்கலக் குறைப்பு ஆட்டம் என்பது அதன் பெயர். வெளியே பகைவர்களாக நிற்கும் அமெரிக்காவும் சோவியத்தும், படைக்கலத்தைக் குறைக்காமல் இருப்பதில் மட்டும் உள்ளூர ஒத்துப் போகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. ஒருவர் ஏற்கத்தக்கதைச் சொன்னால் மற்றவர் ஏற்கமுடியாத நிபந்தனை ஒன்றைச் சேர்ப்பார். அடுத்த முறை மாற்றிக்கொள்வார்கள். ஏழும் மூன்றும் பேரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அல்லரோ! தூதராக இருந்தவர் இவ்வளவு வெளிப்படையாக எழுதலாமா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

1981-இல் நம் நாடு நேரு விருதைக் கணவன் மனைவி இருவர்க்கும் சேர்த்து அளித்தது. அடுத்த ஆண்டு நோபல் அமைதிப் பரிசு, மெக்சிகோவின் அல்போன்சோ கார்சியா ரோபிள்சோடு பகிர்ந்து, அம்மையாருக்குக் கிடைத்தது. இந்த ரோபிள்சும் தூதரே. இலத்தீன் அமெரிக்காவில் அணுகுண்டு நுழையாமல் காக்கும் 1967-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குத் தந்தை. குன்னாருக்கு 1974-இல் பொருளியலுக்கான பரிசு முன்னரே கிடைத்திருந்தது. வெவ்வேறு துறையில் நோபல் பரிசு பெற்ற முதல் கணவன் மனைவி இவர்களே. இத்தனை பெருமைக்கும் வீட்டில் ஒரு விலை இருந்தது. அதே 1982-இல் மூத்த மகன் யான் மிர்டால், அவரும் எழுத்தாளர், தம் பிள்ளைப் பருவத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தாய் தந்தையர் உலகத்துக்கு ஓடினார்கள், எனக்கு இல்லாமற் போனார்கள் என்னும் கசப்பு அதில் நிறைந்தது. மகள் சிசெலா போக், தாயின் வரலாற்றை அன்போடும் நேர்மையோடும் எழுதினார். இரண்டு பிள்ளைகள், இரண்டு சாட்சியங்கள். தாய்மார்கள் இதற்கு என்ன தீர்ப்புச் சொல்வார்களோ, அதில் நான் தலையிடமாட்டேன்.

எண்பத்து நான்கு வயது நிறைந்த மறுநாள், 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், ஆல்வா அம்மையார் காலமானார். அதற்கு அடுத்த திங்கள், மார்ச்சு 24-ஆம் நாள், சுவீடனின் போபர்ஸ் தொழிற்சாலையிடம் ஏறத்தாழ 400 பீரங்கிகள் வாங்க நம் அரசு ஒப்பந்தம் செய்தது. மதிப்பு 1,437 கோடி ரூபாய். 1987-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் அதில் கையூட்டு நடந்தது என்று அறிவித்ததும் சுவீடன் வானொலியே. அதன் பின் நம் நாட்டில் நடந்தது உங்கள் அனைவர்க்கும் தெரியும். 1999-இல் கார்கில் மலையில் நம் வீரர்களுக்கு அந்தப் பீரங்கிகள் கைகொடுத்தன என்பதும் தெரியும். அமைதிக்கு நிலையம் வைத்த நாடு பீரங்கியும் விற்கிறதே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அம்மையார் அமைத்துவிட்டுப் போன பேரேட்டில் அந்தப் பீரங்கிகளும் ஏறியிருக்கின்றன: தந்த நாடு சுவீடன், பெற்ற நாடு இந்தியா, கருவி 155 மில்லிமீட்டர் பீரங்கி.